உறங்கிக்கொண்டே விழித்திருக்கும் கைபேசி

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம்.

உங்கள் வீட்டுக் கைபேசி வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பாருங்கள். பேட்டரியின் கொள்ளளவு அதில் அச்சிடப்பட்டிருக்கும். இன்றைய கைபேசிகள் பலவற்றில் அது 5000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 5 ஆம்பியர்-மணி. அதன் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 19.25 வாட்-மணி கிடைக்கும். கைபேசியிடம் உள்ள மொத்த ஆற்றல் இவ்வளவுதான். இதைக் கொண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரித்தால், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எரிந்து அணைந்துவிடும்.

இப்போது கைபேசிக்குள் இருப்பவற்றை எண்ணுங்கள். ஒளிரும் திரை, கணக்கிடும் மையச் செயலகம், நினைவகம், வானொலி அலைகளை வாங்கும் ஏற்பி, அவற்றை அனுப்பும் பரப்பி, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, கேமரா, பலவகை உணர்விகள் என்று ஒரு பெரிய கூட்டமே அங்கே குடியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து 5 வாட் செலவழிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 19.25ஐ 5ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம்கூட வராது! ஆனால் மேசைமேல் சும்மா வைத்த கைபேசி இரண்டு மூன்று நாட்கள்கூட உயிரோடு இருப்பதைப் பார்க்கிறோம். அந்த நாட்களில் எந்த நொடியில் அழைப்பு வந்தாலும் மணி அடிக்கிறது.

இது எப்படி முடிகிறது? கைபேசியின் உறுப்புகள் பெரும்பாலான நேரம் உறங்குகின்றன. தேவைப்படும்போது ஒன்று மற்றொன்றை எழுப்புகிறது. வேலை முடிந்ததும் மீண்டும் உறங்கிவிடுகிறது. அவை கூடி வேலை செய்யும் முறையின் உயிர்நாடி இதுதான். ஓர் அழைப்பு வந்து சேரும் வழியைப் பின்தொடர்ந்து இதைப் பார்ப்போம்.

பழைய கதை கொஞ்சம்

1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலா நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி கையடக்கச் செல்பேசியில் முதல் அழைப்பைச் செய்தார். அந்தக் கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. பத்தாண்டுகளுக்குப் பின், 1983இல், டைனாடாக் 8000எக்ஸ் என்ற பெயரில் அதன் வழித்தோன்றல் விற்பனைக்கு வந்தது. சுமார் 10 மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம்!

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய எடையில் நிறைய ஆற்றலைத் தேக்கும் இந்த பேட்டரிக்கு அடித்தளம் இட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் பேட்டரி மட்டும் வளர்ந்திருந்தால் போதாது. திரையும் கணினியும் கேமராவும் சேர்ந்து செலவையும் அல்லவா பெருக்கிவிட்டன? சிக்கனமும் கூடவே வளர்ந்ததால்தான் இன்றைய கைபேசி சாத்தியமாயிற்று.

எல்லோரும் உறங்கும் வேளையில்

திரை அணைந்து கைபேசி மேசைமேல் கிடக்கிறது. உள்ளே யார் விழித்திருக்கிறார்கள்?

முதலாவது, ஒரு கடிகாரம். சுவர்க் கடிகாரத்திலும் கைக்கடிகாரத்திலும் உள்ளது போன்ற குவார்ட்ஸ் படிகம்தான் இதிலும் உள்ளது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? இதை 2ஆல் 15 முறை வகுத்துப் பாருங்கள். மீதமின்றி 1 வரும். ஆகவே, அதிர்வெண்ணைப் பாதியாக்கும் எளிய சுற்றுகள் பதினைந்தை வரிசையாக இணைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. மையச் செயலகத்தை ஓட்டும் கடிகாரம் நொடிக்குப் பல கோடி முறை துடிப்பது. அதற்கு மின்சாரம் அதிகம் வேண்டும். எனவே உறக்க வேளையில் அதை நிறுத்திவிட்டு, இந்தச் சிறு படிகத்திடம் காவலை ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, நினைவகம். ஓடிக்கொண்டிருந்த வேலைகள் எல்லாம் இதில்தான் உள்ளன. இதன் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய ஒரு மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். ஓட்டைக் குடத்து நீர்போல அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நொடிக்குப் பல முறை அதைப் படித்து மீண்டும் எழுத வேண்டும். உறக்கத்தின்போது இந்த வேலையை நினைவகம் தானே செய்துகொள்கிறது. மையச் செயலகம் வர வேண்டியதில்லை.

மூன்றாவது, மின்பங்கீட்டுச் சில்லு. இதை வீட்டின் பொக்கிஷதாரர் எனலாம். பேட்டரி தருவது 4 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம். ஆனால் செயலகத்தின் டிரான்சிஸ்டர்களுக்கு 1 வோல்ட்டோ அதற்கும் குறைவோ போதும். திரைக்கோ 4 வோல்ட்டைவிட அதிகம் வேண்டும். மின்தூண்டியையும் மின்தேக்கியையும் துணைகொண்டு, மின்னோட்டத்தை நொடிக்குப் பத்து லட்சம் முறைக்கு மேலும் திறந்து மூடி, யாருக்கு எவ்வளவு மின்னழுத்தம் தேவையோ அதை இந்தச் சில்லு வழங்குகிறது. உறங்குபவர்களின் பகுதிக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறது.

1.28 நொடிக்கு ஒரு முறை

அழைப்பு வந்தால் அதைக் கேட்பவர் யார்? மோடம் என்ற பகுதி. கோபுரத்துடன் பேசும் பொறுப்பு முழுவதும் இதனுடையது. ஆனால் இதுவும் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

ஊரில் தண்டோரா போடுபவர் எப்போது வருவார் என்று தெரியாவிட்டால், நாள் முழுவதும் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே வருவார் என்று ஏற்பாடு இருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வந்தால் போதும். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே உள்ள ஏற்பாடும் இதுதான். 4ஜி முறையில் இந்த இடைவெளி 0.32, 0.64, 1.28, 2.56 நொடி என்ற நான்கில் ஒன்றாக இருக்கலாம். 1.28 நொடி பரவலாகப் பயன்படுகிறது. எந்தக் கைபேசி எந்தக் கணத்தில் செவிமடுக்க வேண்டும் என்பது அதன் சிம் அட்டைக்குரிய எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. கோபுரமும் அதே கணக்கைப் போடுவதால் இருவரும் தவறாமல் சந்திக்கிறார்கள்.

இதனால் மிச்சமாவது எவ்வளவு? ஒரு முறை விழிப்பதற்கு 10 மில்லி நொடி ஆகிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள், 1.28ஆல் வகுத்தால் 67,500 விழிப்புகள். ஒவ்வொன்றும் 10 மில்லி நொடி என்றால் மொத்தம் 675 நொடி. அதாவது 24 மணி நேரத்தில் ஏற்பி திறந்திருப்பது 11 நிமிடம் 15 நொடி மட்டுமே! மணி ஒலிக்க ஒன்றிரண்டு நொடி தாமதமாவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தி. சும்மா கிடக்கும் கைபேசி எந்தக் கோபுரத்தின் அருகில் உள்ளது என்பது வலையமைப்புக்குத் துல்லியமாகத் தெரியாது; எந்த வட்டாரத்தில் உள்ளது என்பது மட்டுமே தெரியும். எனவே அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் பலவும் உங்கள் கைபேசியின் அடையாள எண்ணைக் கூவி அழைக்கக்கூடும்.

மெல்லிய ஓர் அலை

அந்தக் கூவல் கைபேசியை எட்டும்போது எவ்வளவு வலிமையுடன் இருக்கும்? சுமாரான இடத்தில் அதன் திறன் ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. கைபேசியின் விளிம்பில் உள்ள அலைவாங்கி இதைப் பெறுகிறது. வேண்டாத அலைவரிசைகளை வடிகட்டி விலக்குகிறது. பிறகு, தன் சொந்த இரைச்சலை மிகக் குறைவாகச் சேர்க்கும் ஒரு பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அதன்பின் அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி எண்களாக மாற்றுகிறார்கள். மோடம் அந்த எண்களில் தன் பெயரைத் தேடுகிறது. பெயர் இல்லையேல் மீண்டும் உறக்கம். இருந்தால் பதில் கொடுக்கிறது.

இந்த வலையமைப்பில் பேச உரிமை உள்ளவர்தானா என்பதைச் சோதிக்கும் வேலை சிம் அட்டையுடையது. விரல் நக அளவேயுள்ள அதுவும் ஒரு குட்டிக் கணினிதான். அதனுள் 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண் உள்ளது. வலையமைப்பு ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதை இரகசிய எண்ணுடன் சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்பும். மறுமுனையிலும் அதே கணக்கு நடக்கும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இரகசிய எண் ஒருபோதும் அட்டையைவிட்டு வெளியே வருவதில்லை.

எழுப்பும் மணி

இனி மையச் செயலகத்தை எழுப்ப வேண்டும். வாசலில் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்ப்பது ஒரு வழி. அழைப்பு மணி ஒன்றைப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருப்பது மற்றொரு வழி. கைபேசியில் இரண்டாவது வழியே கையாளப்படுகிறது. மோடம் அனுப்பும் ஒரு மின்குறிப்பு கிடைத்ததும், மின்பங்கீட்டுச் சில்லு உரிய வரிசைப்படி மின்னழுத்தங்களை உயர்த்துகிறது. வேகக் கடிகாரம் துடிக்கத் தொடங்குகிறது. செயலகம் நினைவகத்திலிருந்து விட்ட இடத்தைப் படித்துத் தொடர்கிறது. இத்தகைய குறிப்புக்குக் குறுக்கீடு என்று பெயர். பொத்தானை அழுத்தினாலும், மின்னேற்றும் வடத்தைச் செருகினாலும் எழுவது இதே முறையில்தான்.

எழுந்த செயலகம் முழு வேகத்தில் ஓட வேண்டியதில்லை. இதற்குள் ஓர் அழகான இயற்பியல் உள்ளது. செயலகத்தில் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும்; 1 வோல்ட்டிலிருந்து 0.7 வோல்ட்டுக்கு என்று கொள்வோம். 0.7இன் இருமடி 0.49. அதைப் பாதி வேகத்தால் பெருக்கினால், திறன் ஏறத்தாழ கால் பங்காகிறது. வேலை முடிய இருமடங்கு நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனாலும் மொத்த ஆற்றல் பாதிதான் ஆகிறது! எனவே மணியை ஒலிக்க ஒரு சிறு வேகம், விளையாட்டுக்கு முழு வேகம் என்று கைபேசி நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறது.

திரை ஒளிர்கிறது, பெயர் தெரிகிறது. நீங்கள் விரலால் தொடுகிறீர்கள். கண்ணாடிக்கு அடியில் ஒளிபுகும் மின்கடத்திக் கோடுகள் வலைபோல அமைந்துள்ளன. உங்கள் விரலும் ஒரு மின்கடத்தியே. அது நெருங்கியதும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. எந்தக் குறுக்குக்கோடு, எந்த நெடுக்குக்கோடு என்று பார்த்து, தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கைபேசியைக் காதருகே கொண்டு சென்றதும் அண்மை உணர்வி அதைக் கண்டு திரையை அணைத்துவிடுகிறது. கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கவும், மின்சாரம் மிச்சமாகவும் இந்த ஏற்பாடு.

குரலின் பயணம்

“வணக்கம்” என்கிறீர்கள். ஒலிவாங்கியில் உள்ள சிலிக்கான் சவ்வு அதிர்கிறது. அருகிலுள்ள தகட்டுக்கும் அதற்கும் இடையேயுள்ள தூரம் மாறுவதால் மின்தேக்குத்திறன் மாறி, ஒலி மின்குறிப்பாகிறது. இந்தக் குறிப்பை நொடிக்கு 16,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 14 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். நொடிக்கு 2,24,000 பிட்டுகள்! இவ்வளவையும் அப்படியே அனுப்பினால் பரப்பி களைத்துவிடும்.

ஆகவே குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறார்கள். ஒரு துண்டில் 320 அளவுகள், அதாவது 4,480 பிட்டுகள் உள்ளன. தொண்டையும் வாயும் ஒலியை உண்டாக்கும் விதத்தைக் கணக்கில் கொண்டு, அவற்றை 253 பிட்டுகளாகச் சுருக்கிவிடும் முறை ஒன்று இன்று புழக்கத்தில் உள்ளது. ஏறத்தாழ 18இல் ஒரு பங்கு! இந்தக் கணக்கைச் செய்வதற்கென்றே ஒரு சிறு செயலகம் தனியே இருப்பதால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மையச் செயலகம் மீண்டும் கண்ணயரலாம்.

ஒரு துண்டு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஒலிவாங்கி, சுருக்கும் செயலகம், மோடம், பரப்பி ஆகிய நான்கும் நொடிக்கு 50 முறை கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு மறுமுனையை அடைய 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைவிட மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

கோபுரம் இடும் கட்டளை

பரப்பிதான் பெரிய செலவாளி. 4ஜி கைபேசி வழக்கமாக அதிக அளவாக 200 மில்லி வாட் திறனை அலையாக வெளியிடுகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து அதற்காக எடுத்துக்கொள்வது அதைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கும், மீதி வெப்பமாகிறது. நீண்ட நேரம் பேசினால் கைபேசி சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோபுரம் அருகில் இருந்தால் இவ்வளவு உரக்கக் கத்த வேண்டியதில்லை அல்லவா? கோபுரம் கைபேசியின் அலையை அளந்து, “கூட்டு”, “குறை” என்று கட்டளை இட்டுக்கொண்டே இருக்கிறது. தேவை குறைந்தால் கைபேசி 0.0001 மில்லி வாட் வரைக்கும் இறங்க முடியும். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வேறுபாடு 20 லட்சம் மடங்கு! திறந்த வெளியில் கோபுரத்தின் தூரம் இருமடங்கானால், இருமடி எதிர்விகித விதிப்படி நான்கு மடங்கு திறன் வேண்டும். நடுவில் சுவர்கள் வந்தால் இன்னும் கூட வேண்டும். அலை பலவீனமான அறையில் பேசும்போது பேட்டரி சீக்கிரம் கரைவதன் இரகசியம் இதுதான்.

இருட்டில் உதவும் அறிவு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. காவிரிப் படுகையின் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் வீட்டிலுள்ள கைபேசியில் 15 விழுக்காடு மின்சாரம்தான் மிச்சம் என்றால் என்ன செய்வது? இதுவரை படித்ததை வைத்தே விடை காணலாம்.

கோபுரம் செயலற்றுப் போனால், சந்திக்கும் நேர ஏற்பாடும் கலைந்துவிடுகிறது. ஏற்பி ஒவ்வோர் அலைவரிசையாகத் திறந்து வேறு கோபுரத்தைத் தேடும். உறங்க வேண்டியது உறங்காமல் அலைகிறது, பேட்டரி வீணாகிறது. எனவே அலையே கிடைக்காதபோது விமான நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. ஆனால் அப்போது யாரும் உங்களை அழைக்க முடியாது. ஆகவே, “ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கைபேசி இயங்கும்” என்று உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கோபுரமும் கைபேசியும் 1.28 நொடிக்கு ஒரு முறை செய்யும் ஏற்பாட்டைத்தான் இப்போது மனிதர்கள் ஒரு மணிக்கு ஒரு முறை செய்கிறார்கள்!

பேசுவதைவிடக் குறுஞ்செய்தி சிக்கனமானது. ஒரு நிமிடப் பேச்சு, மேலே கண்ட கணக்கின்படி, 7,59,000 பிட்டுகள். எழுபது தமிழ்க் குறியீடுகள் கொண்ட குறுஞ்செய்தி 1,120 பிட்டுகளே. “நலமாக இருக்கிறோம், பள்ளியில் தங்கியுள்ளோம்” என்பதற்கு அது தாராளமாகப் போதும். திரையின் ஒளியை மங்க வைப்பதும், கைபேசியை விளக்காகப் பயன்படுத்தாமல் இருப்பதும் அவசியம். எங்கே அலை வலுவாக உள்ளதோ அங்கே சென்று பேசுங்கள். அவசர உதவிக்கான 112 என்ற எண்ணை அழைக்கும் அளவுக்காவது எப்போதும் மீதி இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

வீட்டாரின் அனுமதியுடன் ஒரு சோதனை. இரவு 10 மணிக்கு பேட்டரி எத்தனை விழுக்காடு என்று குறித்து, கைபேசியைத் தொடாமல் வைத்துவிடுங்கள். காலை 6 மணிக்கு மீண்டும் பாருங்கள். மறுநாள் இரவு விமான நிலையில் வைத்து இதையே செய்யுங்கள். மூன்றாம் இரவு, அலை மிகக் குறைவாக உள்ள மூலையில் வையுங்கள். மூன்று முறையும் தொடக்க அளவு ஒன்றாக இருக்கட்டும்.

குறைந்த விழுக்காட்டை 19.25ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுங்கள். சராசரித் திறன் வாட்டில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 4 விழுக்காடு குறைந்திருந்தால் விடை ஏறத்தாழ 0.1 வாட். 9 வாட் விளக்கோடு ஒப்பிட்டால் 90இல் ஒரு பங்கு. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு வேறாக இருந்தால், 19.25க்குப் பதில் அதற்குரிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்வ மிகுதியால் பேட்டரியைக் குத்தியோ வளைத்தோ பார்க்காதீர்கள். லித்தியம் அயனி பேட்டரி தீப்பற்றிவிடும்.

மூன்று இரவுகளின் எண்களையும் அட்டவணையாக எழுதுங்கள். விமான நிலையிலும் பேட்டரி சிறிது குறைந்திருக்கலாம். மோடம் முழுவதும் ஓய்ந்த பின்னும் அந்த மின்சாரத்தைச் செலவிட்டவர்கள் யார் யார்? கட்டுரையின் நடுப்பகுதியை மீண்டும் ஒரு முறை படித்து, அவர்களின் பெயர்களை அட்டவணைக்குக் கீழே எழுதி, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.